ஓதும் அரபு, எழுதும் அரபு, பேசும் அரபு



மேற்படிப்புக்கு உதவி கேட்டும், வளைகுடா வேலைக்கான தாள்களைக் காட்டியும் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிற பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பையன் மக்தபுல அஞ்சு வருசம் ஓதியிருக்கான். அங்க போனா அரபு பேசிருவாம்லா?"

பேச மாட்டான் என்பதே பதில். எழுத்துக் கூட்டி ஓதுவது ஒன்று, படித்துப் பொருள் அறிவது இன்னொன்று, கடைவீதியில் பேசுவது மூன்றாவது. மூன்றையும் அரபு என்ற ஒரே பெயரால் அழைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

முதல் படியில் நம் பிள்ளைகள் முன்னால் நிற்கிறார்கள் என்பது உண்மை. மற்ற நாட்டு மாணவர் பலர் எழுத்தைப் பழகவும், ஐன், ஹா, காஃப் ஒலிகளை நாவில் ஏற்றவும் மாதக்கணக்கில் பாடுபடுவார்கள். நம் பிள்ளைகளுக்கு அது ஏழு வயதிலேயே வந்துவிடுகிறது. நம் முன்னோர் அந்த எழுத்தில் தமிழையே எழுதினார்கள். அதுதான் அரபுத் தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) அதில் நூல்கள் இயற்றியவர்கள். ஆனால் எழுத்து தெரிவதால் மட்டும் மொழி வந்துவிடாது.

இரண்டு அரபு

குர்ஆன், கிதாபு, செய்தித்தாள், நீதிமன்றத் தாள், பல்கலைக்கழகப் பாடம் எல்லாம் இலக்கண அரபில் இருக்கும். இதை 'ஃபுஸ்ஹா' என்பார்கள். வீட்டிலும் தெருவிலும் பேசுவது 'ஆம்மிய்யா'. இது நாட்டுக்கு நாடு மாறும். ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1959இல் இந்த இரட்டை வழக்கை ஆராய்ந்து எழுதியபோது அரபை முதன்மையான எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டார்.

தமிழருக்கு இது புதிதல்ல. மேடையில் "வருகிறீர்களா" என்கிறோம், வீட்டில் "வாரியளா" என்கிறோம். அரபில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. "இப்போது" என்பதற்கு ஃபுஸ்ஹாவில் 'அல்ஆன்'. எகிப்தில் 'தில்வக்தி', சிரியாவில் 'ஹல்லா', வளைகுடாவில் 'அல்ஹீன்', மொராக்கோவில் 'தாபா'. நலம் விசாரிக்க நாம் படித்தது 'கைஃப ஹாலுக', வளைகுடாவில் காதில் விழுவது 'ஷ்லோனக்'.

வளைகுடாவில் இருந்து திரும்பிய நம் சகோதரர்கள் பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டும் அல்ல. 'மாஃபி ஃபுலூஸ்', 'ஷுகுல் மாஃபி' என்று பல நாட்டுத் தொழிலாளர் சேர்ந்து உருவாக்கிக்கொண்ட கலப்பு வழக்கு அது. வேலைத்தளத்துக்கு அது போதும். ஆஸ்பத்திரியில் நோயைச் சொல்லவும், தொழிலாளர் நீதிமன்றத்தில் நியாயம் கேட்கவும் போதாது.

ஒப்பந்தத் தாளில் உள்ள அரபு

சவூதி தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தம் அரபியிலும் வேறு மொழியிலும் இருந்தால் அரபுப் பிரதியில் உள்ளதுதான் செல்லும். ஏஜெண்ட் வாயால் சொன்னதும், ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்ததும் அதன் முன் நிற்காது.

ஆகவே சில சொற்களையாவது படிக்கத் தெரிய வேண்டும். 'மிஹ்னா' என்றால் தொழில். அதற்கு எதிரே 'ஸாயிக்' என்றிருந்தால் ஓட்டுநர், 'ஆமில்' என்றிருந்தால் பொதுவான தொழிலாளி. ஓட்டுநர் வேலை என்று நம்பிப் புறப்படுகிறவர் அந்த ஒரு சொல்லைப் படித்தாலே விழித்துக்கொள்வார். 'ராத்திப்' என்றால் சம்பளம், 'இஜாஸா' என்றால் விடுமுறை, 'தவ்கீஃ' என்றால் கையெழுத்து. கையெழுத்துப் போடுவதற்கு முன், பொருள் தெரிந்த ஓர் ஆலிமிடம் தாளைக் காட்டுங்கள்.

கற்கும் வழி

அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்றெழுத்து வேரில் இருந்து கிளைப்பவை. காஃப், தா, பா என்ற வேரில் எழுதுவது என்ற பொருள் இருக்கிறது. அதிலிருந்து கிதாப், காதிப் (எழுதுபவர்), மக்தப், மக்தபா (நூலகம்) எல்லாம் வருகின்றன. மேலே சொன்ன ஆமிலும் நாம் தினம் சொல்லும் அமலும் ஒரே வேர். தாலுகா ஆபீசிலும் கோர்ட்டிலும் புழங்கும் வசூல், பாக்கி, அசல், ஆஜர், ஜாமீன், வக்கீல் ஆகியவையும் அரபில் இருந்து வந்தவையே. நம்மிடம் ஏற்கெனவே சில நூறு சொற்கள் இருக்கின்றன. இவற்றை வேரோடு இணைத்துப் பார்க்கப் பழக வேண்டும்.

பாடநூலுக்கும் தூரம் போக வேண்டாம். உலகெங்கும் வெளிநாட்டு மாணவர்கள் அரபு கற்கும் 'துரூஸுல் லுகத்தில் அரபிய்யா' மூன்று பாகங்களை எழுதியவர் வாணியம்பாடியில் 1933இல் பிறந்த டாக்டர் வி. அப்துர் ரஹீம் அவர்கள். அல்அஸ்ஹரில் படித்து, மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்து, 2023இல் வஃபாத்தானார்கள். தாய்மொழியாக இல்லாமல் கற்றவர் என்பதால், கற்பவர் எங்கே தடுமாறுவார் என்று அறிந்து எழுதினார்கள். சிறு வாக்கியங்களில் தொடங்கி இலக்கணம் தானாகப் பிடிபடும்படி அமைந்த நூல் அது.

முதலில் எதைக் கற்பது? ஃபுஸ்ஹாவில் அடித்தளம் போட்டுவிட்டு, போகிற நாடு முடிவான பின் அந்நாட்டுப் பேச்சைச் சேர்த்துக்கொள்வதே நல்லது. வழக்குகள் பல, அவற்றை இணைப்பது ஃபுஸ்ஹா. மதீனாவில் பல நாட்டு மாணவருக்கிடையே அதுவே பொது மொழியாகும். கெய்ரோ செல்கிறவர் பஸ் ஏறவும் காய்கறி வாங்கவும் எகிப்தியப் பேச்சைப் பழகியாக வேண்டும். வேலைக்கு உடனே போகிறவருக்குப் பேச்சு முதலில், ஆனால் ஒப்பந்தச் சொற்களை விட்டுவிடக் கூடாது.

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியே கேரளத்துக்குள் போனால் அரசுப் பள்ளிகளிலேயே அரபு ஒரு மொழிப் பாடம். இங்கே அந்த வசதி இல்லாததால் வீடும் மக்தபும்தான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். கல்லூரி அளவில் திருச்சி ஜமால் முகமது கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் அரபுத் துறைகள் உள்ளன. பெண் பிள்ளைகளும் இவற்றை விசாரித்துப் பார்க்கலாம்.

குற்றாலச் சீசனில் கடைவேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு அந்த மூன்று மாதம் நேரம் கிடைக்காது. சாரல் ஓய்ந்த பின் நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினாலே அடுத்த சீசனுக்குள் முதல் பாகத்தை முடித்துவிடலாம். ஓதி முடித்த சூராவின் பொருளை அன்றே ஒரு வரியாவது கேட்டறியும் பழக்கத்தை வீட்டில் தொடங்குங்கள். பயணம் போகாத பிள்ளைக்கும் தொழுகையில் தான் சொல்வது என்ன என்று விளங்குமே.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக, ஆமீன்.