குத்திய ஊசி எங்கே போகிறது?

ஊசி குத்திக்கொள்ளுகிறவருடைய முகத்தை எல்லோரும் பார்க்கிறோம். குத்தி முடிந்தபின் அந்த ஊசி எங்கே போயிற்றென்று பார்ப்பவர் இல்லை. சென்ற ஆவணி மாதம் வரையில் நானும் பார்த்ததில்லை.

என் தாயாருக்கு நீரிழிவு. தினம் இரு வேளையும் இன்ஸுலின் போட்டாக வேண்டும். போட்டானதும் ஊசியைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைக் கூடையில் எறிவது எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தது. ஒருநாள் காலை, குப்பை வாங்க வரும் அம்மாள் பையை இறுக்கிக் கட்டுகையில் கையை உதறினாள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம். "ஒண்ணுமில்லை சார், ஏதோ முள்ளு" என்றாள். முள் அல்ல என்பது எனக்குத் தெரியும். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சுகாதார பாடம் நடத்தியவன் நான்!

அன்று மாலை, நர்ஸ் உத்தியோகத்திலிருக்கும் என் தமக்கை மகளிடம் இதைச் சொன்னேன். அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "மாமா, ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே இதுதான்" என்று ஆரம்பித்து, ஒரு மணி நேரம் பேசினாள்.

முன் காலத்தில் ஸிரிஞ்சு கண்ணாடியால் ஆனது. ஊசியைக் கொதிநீரில் போட்டெடுத்து, மழுங்கினால் கல்லில் தீட்டி, மறுபடியும் உபயோகிப்பார்கள். ஊசி அப்போது ஒரு சொத்து. எறிவதென்ற பேச்சே இல்லை. ஒரு முறைக்கு ஓர் ஊசி என்ற நல்ல ஏற்பாடு வந்தபிறகு நோயாளியின் அபாயம் குறைந்தது. ஆனால் ஊசியை எறிகிறவர், பொறுக்குகிறவர் ஆகியோரின் அபாயம் கூடிற்று.

குத்திய ஊசியின் குழலுக்குள் நோயாளியின் இரத்தம் சிறிது தங்கிவிடுகிறது. ஹெபடைடிஸ் பி என்னும் ஈரல் நோய்க் கிருமி, உலர்ந்த இரத்தத்திலும் 7 நாள் வரையில் உயிரோடிருக்கும். அந்நோயுள்ளவரைக் குத்திய ஊசி, தடுப்பூசி போட்டுக்கொள்ளாத 100 பேரைக் குத்தினால் 6 முதல் 30 பேர் வரையில் நோய் பற்றக்கூடும். எய்ட்ஸ் கிருமியோ 1000-க்கு 3 என்ற அளவில்தான் பற்றுகிறது. ஆனால் அந்த மூவரில் ஒருவராக இருப்பவருக்குக் கணக்கால் என்ன ஆறுதல்?

அமெரிக்காவில் காரன் டேலி என்ற அம்மையார் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாகப் பணியாற்றியவர். 1998-ஆம் வருஷம் ஊசியைக் கழிவுப் பெட்டியில் போடப் போகையில், பெட்டிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த வேறோர் ஊசி விரலில் குத்தியது. எய்ட்ஸ் கிருமியும் ஹெபடைடிஸ் சி கிருமியும் ஒருங்கே பற்றிவிட்டன. நோயாளிகளின் படுக்கையருகே செய்துவந்த சேவை அத்துடன் முடிந்தது. அவர் வீட்டில் முடங்கவில்லை. சட்டசபையினர் முன் சென்று சாட்சி சொன்னார். 2000 நவம்பர் 6-ஆம் தேதி ஊசிக் காயத் தடுப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று. பெட்டி இருந்தால் மட்டும் போதாது, அது நிரம்பி வழியக் கூடாது என்பதற்கு அந்த அம்மையாரின் விரலே சாட்சி. முக்கால் பங்கு நிறைந்ததுமே மூடிவிட வேண்டுமென்பது இதனால்தான்.

குத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடுவது பெருந்தவறு என்றாள் மருமகள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மூடுவதுதானே ஜாக்கிரதை என்றல்லவா நினைத்திருந்தேன்! ஒரு கையில் ஊசி, மறு கையில் சிறு மூடி. குறி ஒரு நூல் தவறினால் குத்துவது மறு கையை. மூடாமல், வளைக்காமல், கையால் கழற்றாமல், அந்த இடத்திலேயே பெட்டியில் போட வேண்டும். நம் தேசத்தில் 2016-ஆம் வருஷத்து விதிகள் ஆஸ்பத்திரி ஊசிகளுக்கென்று துளைபடாத வெள்ளைப் பெட்டியைக் குறித்தன. பின்பு நீராவியில் கிருமி நீக்கி, துண்டாக்கியோ சிமெண்டில் புதைத்தோ ஒழிக்க வேண்டும். இந்தக் கண்டிப்பு வீண் அல்ல. 2009-இல் குஜராத்தில் மோடாஸா என்ற ஊரில், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்கும் போட்டதால் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் மாண்டார்கள்.

குத்திவிட்டால்? காயத்தைப் பிதுக்கக் கூடாது. விரலை வாயில் வைக்கவே கூடாது. ஸோப்பும் ஓடுகிற நீரும் கொண்டு கழுவி, உடனே டாக்டரிடம் போக வேண்டும். எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கும் மருந்தை 72 மணிக்குள் ஆரம்பித்து 28 நாள் உட்கொள்ள வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நலம். வெட்கப்பட்டு மறைக்கிற நர்ஸுகள் இன்னும் உண்டாம். ஏச்சுக்குப் பயந்து மறைக்கிறார்கள். பயமுறுத்துகிற மேலதிகாரிகள்தான் வெட்கப்பட வேண்டியவர்கள்.

மறுநாள் காலையிலேயே அந்த அம்மாளை டாக்டரிடம் அழைத்துச் சென்றேன். என் தாயாரின் இரத்தத்தையும் பரிசோதித்தார்கள். தொற்று எதுவும் இல்லை. அதன்பிறகே எனக்குத் தூக்கம் வந்தது. ஹெபடைடிஸ் தடுப்பூசி இதுவரை போட்டதில்லை என்று அந்த அம்மாள் சொன்னாள். ஊர்க் குப்பையெல்லாம் அள்ளுகிற கைக்கு அது கிடைக்கவில்லை! அன்றே முதல் ஊசி போட்டார்கள். அடுத்த மாதம் இரண்டாவது.

இப்போது தாயாரின் மருந்து அலமாரியில் கனமான ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. மேலே "ஊசி" என்று கொட்டை எழுத்தில் நானே எழ்தி ஒட்டினேன். முக்கால் நிறைந்ததும் மூடியை இறுக்கி ஒட்டி, மற்றக் குப்பையோடு கலக்காமல் அந்த அம்மாளிடம் தனியே சொல்லிக் கொடுக்கிறோம். அவளுக்கு மூன்றாவது ஊசி மாசியில். அந்தச் சீட்டை எங்கள் வீட்டுக் காலண்டரில் செருகி வைத்திருக்கிறேன்.