தறிக்குழிக்கு யார் பிளான் போடுவது?

ஆரணியில் வீடு கட்டப்போகும் குடும்பம் முதலில் பார்ப்பது மேஸ்திரியைத்தான். அவர் தெரிந்த சிவில் இன்ஜினீயர் ஒருவரைக் கைகாட்டுவார். இரண்டு மூன்று நாளில் பிளான் வந்துவிடும். முன்னால் ஹால், பக்கத்தில் பெட்ரூம், அக்கினி மூலையில் சமையலறை. நெசவாளர் வீடென்றால் ஒரு செவ்வகம் போட்டு நடுவில் ‘தறி’ என்று எழுதிவிடுவார்கள். குடும்பம் சாப்பிடுவதே அந்தச் செவ்வகத்தால்தான். அதைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கத்தான் ஆளில்லை.

யோசிக்க அங்கே நிறைய இருக்கிறது. குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்துப் பலகையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கிறார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. துளை போட்ட அட்டைகள் அதிலிருந்து வரிசையாகத் தொங்குகின்றன. தளம் தாழ்வாக இருந்தால் பெட்டியை ஏற்றவே முடியாது. பட்டுக்கு ஈரப்பதம் வேண்டும்; காற்று காய்ந்தால் பாவு இழை அறுந்துகொண்டே இருக்கும். மண் தரையும் ஓட்டுக் கூரையும் அந்தக் குளுமையைக் காசில்லாமல் கொடுத்தன. கான்கிரீட் தளத்தின் கீழ் சித்திரை மாத மதியத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். குழியில் தண்ணீர் ஊறி, தறி நின்று, கூலியும் நின்றுவிடும். வாடகை வீட்டுக்காரர் பாடு இன்னும் மோசம். குழி தோண்டச் சம்மதிக்கும் வீட்டு உரிமையாளரை முதலில் தேடிப் பிடிக்க வேண்டும்.

வீட்டோடும் விஷயம் முடிவதில்லை. மூன்று புடவைக்கான பாவு ஏறத்தாழ அறுபது அடி நீளம் வரும். அதை விரித்துச் சீர்செய்ய நேரான தெரு வேண்டும். வாசலுக்கு வாசல் பைக்கும் காரும் நின்றால் அந்த வேலை எங்கே நடக்கும்?

உயரம், வெளிச்சம், ஈரம், வெப்பம், வடிகால், தெருவின் அகலம். ஐந்து வருட பி.ஆர்க். படிப்பின் பாடத்திட்டமும் ஏறக்குறைய இதுதான். ‘நல்லா டிராயிங் வருது, ஆர்க்கிடெக்சர்ல போடுங்க’ என்று ஊரில் சொல்வதில் பாதிதான் உண்மை. கையில் ஓவியம் இருந்தால் நல்லது. ஆனால் ஸ்டுடியோவில் இரவு முழுக்க விழித்து மாடல் செய்து, மறுநாள் ஜூரி முன் நின்று, இந்த ஜன்னல் ஏன் இந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரிய வேண்டும்.

சேரும் வழி சிக்கலானதல்ல. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். நாட்டா போன்ற திறனறித் தேர்வு ஒன்றை எழுத வேண்டும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 200 என மொத்தம் 400 மதிப்பெண்ணுக்கு ரேங்க் போடுகிறார்கள். படித்து முடித்து கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு செய்தால்தான் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று பெயர்ப்பலகை மாட்டலாம். இது 1972-ம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டம் பட்டத்தைத்தான் காக்கிறது, பதிவு செய்யாதவர் பிளான் வரைவதைத் தடுக்கவில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆகவே ஆரணி மேஸ்திரி கைகாட்டும் இன்ஜினீயரின் பிழைப்புக்கு ஆபத்தில்லை.

தனியார் கல்லூரிகள் பல இருக்க, பல்கலைக்கழகத்தில் போய்ப் படிப்பதால் என்ன லாபம் என்று பெற்றோர் கேட்பது நியாயம். கட்டணம் குறைவு என்பது ஒன்று. அதைவிடப் பெரிய லாபத்தைக் கிண்டிக்குப் போனால் பார்க்கலாம். 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய பொறியியல் கல்லூரி, 1944-ல் வந்த அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 1957-ல் சென்னைப் பல்கலைக்கழகத் துறையாகப் பிறந்த கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. 1978-ல் மூன்றும் அண்ணா பல்கலைக்கழகத்துக்குள் வந்தன. அழகப்பா கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. இழைக்கு எவ்வளவு ஈரம் வேண்டும் என்று தெரிந்தவரும், அறைக்குள் அந்த ஈரத்தை எப்படி நிறுத்துவது என்று தெரிந்தவரும் நடந்துபோய் டீ குடிக்கும் தூரத்தில் இருக்கிறார்கள். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் படிப்பதன் அருமை இந்த அக்கம்பக்கம்தான். கட்டடக்கலை மட்டுமே நடத்தும் கல்லூரியில் இது கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டடக்கலை மாணவர்கள் பழைய கட்டடங்களை டேப் வைத்து அளந்து வரையும் பயிற்சி உண்டு. ஆரணி வட்டாரத்தில் அதற்குத் தீனி ஏராளம். மராட்டிய ஜாகீர்தார்கள் விட்டுச்சென்ற கோட்டை, நெடுங்காலம் கவனிப்பாரில்லாமல் கிடந்த சத்தியவிஜயநகரம் அரண்மனை, பூசிமலைக்குப்பம் மாளிகை. வளைவும் தூணும் இருந்தால் போட்டோ அழகாக வரும். எனவே கேமரா அங்கேதான் போகும். குறை சொல்லவில்லை, அவையும் ஆவணமாக வேண்டியவையே. ஆனால் அரண்மனை சிதைந்தால் செய்தி வரும். ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போடும்போது ஒரு தறிக்கூடம் போய்விட்டதை யாரும் எழுதுவதில்லை.

அரசு வீடு கட்டிக் கொடுக்காமலும் இல்லை. 2011-ல் வந்த பசுமை வீடு திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 300 சதுர அடி. அதில் தறியைப் போட்டுவிட்டு எங்கே படுப்பது? இப்படிப்பட்ட கேள்விக்கு விடை தேடியதற்கு முன்னுதாரணம் உண்டு. அகமதாபாத்தில் 1962-ல் கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கி நடத்திய பி.வி.தோஷி, இந்தூரின் ‘ஆரண்யா’ குடியிருப்பில் ஏழைகளுக்கு முழு வீடு கட்டித் தரவில்லை. மனை, அடித்தளம், குழாய், கழிப்பறை இவற்றைக் கொடுத்து, மிச்சத்தைக் காசு சேரச் சேர அவர்களே கட்டிக்கொள்ளும்படி வடிவமைத்தார். 2018-ல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் அவர். அதே வழியில், நீர் ஊறாத குழியையும் உயரமான கூரையுள்ள ஓர் அறையையும் முதலில் கொடுத்து, மற்ற அறைகளைக் குடும்பம் பிறகு சேர்த்துக்கொள்ளும் நெசவாளர் வீட்டை ஏன் வரைந்து பார்க்கக்கூடாது?

ஆரணியை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. அங்கே சிவில் உண்டு, ஆர்க்கிடெக்சர் இல்லை. புதிய துறை தொடங்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கிண்டியிலிருந்து ஆரணி சுமார் 140 கிலோமீட்டர். அடுத்த கள ஆய்வுக்கு ஊர் தேடும் பேராசிரியர்கள் கட்டடக்கலை மாணவர்களையும் ஜவுளித் துறை மாணவர்களையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி இங்கே அனுப்பட்டும். தங்கவும் அளக்கவும் தச்சூர் கல்லூரி இடம் கொடுக்கட்டும்.