இங்கிலீசுக்கு ஒரு 'சீ': பலாங்கொடையிலிருந்து புதுக்கடைக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த வாரத்தில்தான் பெரும்பாலும் கேட்பார்கள். "சேர், மகளுக்கு லோ படிக்க ஏலுமா?" மூன்று பாடமும் சித்தி, தமிழுக்கு 'ஏ' கூட இருக்கும். நான் திருப்பிக் கேட்பது அவர்களுக்குச் சம்பந்தமில்லாத கேள்வியாகப் படும்: "ஓ/எல்லில் இங்கிலீசுக்கு என்ன?"

"'எஸ்' சேர்" என்று, அதாவது சாதாரணச் சித்தி என்று, பதில் வந்தால், அந்த வருடம் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வழியில்லை. இலங்கை சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சைக்குத் தோற்றுவதற்கே சாதாரண தரத்தில் ஆங்கில மொழிக்கும், தமிழ் அல்லது சிங்கள மொழிக்கும் 'சீ', அதாவது திறமைச் சித்தி, கேட்கிறார்கள். உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தி அதற்குப் பிறகுதான். ஆகவே பிள்ளைக்குப் பதினாறு வயதாகும்போதே, வீட்டில் யாரும் சட்டத்தைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்காத நேரத்தில், இந்தக் கதவு திறக்கவோ சாத்தவோ பட்டுவிடுகிறது. நிரந்தர ஆங்கில ஆசிரியர் இல்லாமல் வருடக்கணக்கில் ஓடும் தோட்டப் பாடசாலைகளை நினைத்தால் இந்த விதி யாரை எங்கே மறிக்கிறது என்பது விளங்கும்.

மறித்தாலும் பூட்டிவிடவில்லை. ஆங்கிலத்தை மட்டும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் திரும்ப எழுதலாம். எத்தனை அமர்வுகளில் எடுத்த பெறுபேறுகள் செல்லும் என்பதற்கு வரம்பு உண்டு. அதை அந்தந்த வருட அறிவித்தலில் பார்த்துக்கொள்ள வேண்டும். உயர்தரம் படிக்கும்போதே எழுதிவிடுவது புத்தி. பெறுபேறு வந்த பிறகு தொடங்கினால் ஒரு வருடம் சும்மா போகும்.

இனி வழிகளைப் பார்ப்போம். 'லோ கொலேஜ்' வேறு, 'கெம்பஸ்' வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர்.

கொழும்பு 12, புதுக்கடையில் இருப்பது சட்டக் கல்லூரி. 1874இல் தொடங்கியது. பிரதம நீதியரசர் தலைமையிலான சட்டக் கல்விப் பேரவை அதை நடத்துகிறது. அது பல்கலைக்கழகம் அல்ல, பட்டமும் தருவதில்லை. ஆனால் இலங்கையில் சட்டத்தரணி ஆக வேண்டுமானால் எந்த வழியால் வந்தவரும் கடைசியில் அந்த வாசலைக் கடந்தே ஆக வேண்டும். நுழைவுப் பரீட்சை எழுதி உள்ளே போகிறவர் மூன்று கட்டப் பரீட்சைகளையும் முடித்து, ஒரு மூத்த சட்டத்தரணியிடம் ஆறு மாதம் பயிற்சி பெற்று, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்துகொள்வார். நம் தாத்தாக்கள் வழக்குக் கதை சொல்லும்போது 'அப்புக்காத்து', 'பெரக்கிராசி' என்று இரண்டு பேரைச் சொல்வார்கள் அல்லவா? மன்றில் வாதாடுகிறவர் ஒருவர், பத்திரம் எழுதி வழக்கைக் கொண்டுபோகிறவர் மற்றவர். 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் இருவரையும் ஒன்றாக்கியது. அதற்குப் பிறகு எல்லாரும் சட்டத்தரணிகள்தான்.

பல்கலைக்கழக வழியில் தனி நுழைவுப் பரீட்சை கிடையாது. உயர்தர இசட் புள்ளிதான் எல்லாம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் எல்.எல்.பி. பட்டம் படிக்கலாம். அரச பல்கலைக்கழகம் என்பதால் படிப்புக் கட்டணம் இல்லை. சட்டக் கல்லூரியில் கட்டணம் உண்டு. வருமானம் குறைந்த வீட்டுக்கு இந்த ஒரு வித்தியாசமே பெரிது. அதனால் முதலில் இந்த வழியையே பாருங்கள் என்றுதான் சொல்வேன். சட்டத்துக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் இரத்தினபுரி இருக்கிறது, கேகாலை இல்லை. பலாங்கொடைப் பிள்ளைக்கு இருக்கும் அந்தச் சின்னச் சலுகை யட்டியாந்தோட்டைப் பிள்ளைக்கு இல்லை. லயம் ஒரே மாதிரித்தான் ஒழுகுகிறது என்பது வேறு விஷயம். உயர்தரத்துக்கு வேறு மாவட்டப் பாடசாலைக்கு மாற நினைப்பவர்கள், தங்கள் மாவட்டம் எப்படிக் கணக்கிடப்படும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பார்த்துவிட்டு மாறுவது நல்லது.

பட்டம் எடுத்துவிட்டால் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதத் தேவையில்லை. ஆனால் இறுதிப் பரீட்சைக்கும் பயிற்சிக்கும் புதுக்கடைக்கு வரத்தான் வேண்டும். மூன்றாவது வழி திறந்த பல்கலைக்கழகம். அதற்குத் தெரிவுப் பரீட்சை உண்டு, கட்டணமும் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கலாம். ஆசிரியர் நியமனம் எடுத்தவர்களும் தோட்டக் காரியாலயத்தில் வேலை பார்ப்பவர்களும் யோசித்துப் பார்க்க வேண்டிய வழி இது.

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு வருவோம். இரண்டு வினாத்தாள். ஒன்று மொழி, மற்றது பொது அறிவும் உளச்சார்பும். சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சட்டம் படிக்கக்கூடிய தலையா என்றுதான் பார்க்கிறார்கள். குறைந்தபட்சப் புள்ளி எடுத்தால் போதும் என்ற பரீட்சையும் அல்ல. இடங்கள் மட்டாக இருப்பதால் வரிசையில் மேலே நிற்க வேண்டும். நம் பிள்ளைகள் விடுகிற பிழை என் கண்ணில் படுவது இதுதான்: பொது அறிவுப் புத்தகம் ஒன்றை வாங்கித் தலைநகரங்களையும் நாணயங்களையும் பாடமாக்குவார்கள். மொழித் தாளுக்கு ஒன்றுமே செய்ய மாட்டார்கள். "தமிழ்தானே சேர்!"

தமிழ்தான். ஆனால் ஒரு பந்தியை வாசித்து, அதில் சொல்லப்பட்டது எது, சொல்லப்படாமல் நாமாக ஊகித்தது எது என்று பிரிப்பது பழக்கத்தால் வருவது. அதற்கு நான் கொடுக்கும் பயிற்சி நம் சபரகமுவை மாகாணத்து வழக்கு ஒன்று.

கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மையர் என்றொரு தோட்டம். 1940களில் கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் அதை எடுத்தது. தொழிலாளர்களுக்கு வெளியேறும்படி நோட்டிஸ் போனது. அவர்கள் லயத்தை விட்டுப் போகவில்லை. குற்ற அத்துமீறல் என்று வழக்கு. செல்வநாயகம் என்ற தொழிலாளியின் பெயரில் அது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1950இல் முடிந்தது. (தந்தை செல்வா அல்ல, இவர் தோட்டத் தொழிலாளி.) கேள்வி இவ்வளவுதான்: போகச் சொன்ன பிறகும் லயக் காம்பராவில் இருந்த மனிதன், காணிக்காரருக்கு எரிச்சலூட்டும் நோக்கத்தோடு இருந்தானா? இருந்தால் எரிச்சல் வரும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வரும் என்று தெரிந்திருப்பது வேறு, அதற்காகவே இருப்பது வேறு. எரிச்சலூட்டுவது பிரதான நோக்கமாக இருந்தால்தான் குற்றம். தன் வீட்டில் இருக்கத் தனக்கு உரிமை உண்டென்று மெய்யாக நம்பி இருந்தவன் குற்றவாளி அல்ல. தொழிலாளி வென்றார்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் கேட்பேன்: "மழைக்கு உன் கடைத் தாழ்வாரத்தில் ஒருவன் ஒதுங்குகிறான். போ என்கிறாய், போகவில்லை. உனக்கு எரிச்சல் வருவது அவனுக்குத் தெரியும். அவன் நோக்கம் என்ன?" அரை மணித்தியாலம் வகுப்பு சண்டைக்களமாகும். உளச்சார்புத் தாளில் நாலு விடைகளில் இரண்டு ஒன்றுபோலவே தெரிவது இந்த மாதிரி இடங்களில்தான். 'தெரிந்து' என்பதையும் 'நோக்கத்தோடு' என்பதையும் பிரித்துப் பார்க்கப் பழகியவர் அங்கே தடுமாற மாட்டார்.

தோற்ற வழக்கும் ஒன்று உண்டு, அதுவும் கேகாலைதான். ருவான்வெல்ல தேர்தல் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடகன் பிள்ளை என்பவர் கேட்டார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி நீர் பிரசை அல்ல என்று மறுத்துவிட்டார்கள். அந்தச் சட்டம், ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் செய்யக் கூடாது என்ற அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை மீறுகிறது என்பது அவர் தரப்பு. திருத்த அதிகாரி அதை ஏற்றார், உயர் நீதிமன்றம் 1951இல் அந்தத் தீர்மானத்தை இரத்துச் செய்தது, 1953இல் பிரிவி கவுன்சிலும் கைவிட்டது. சட்டத்தின் எழுத்தில் இனத்தின் பெயர் இல்லை, ஆகவே பாகுபாடு இல்லை என்ற மாதிரியான வாசிப்பு. அது சரியா என்று சட்ட மாணவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது ஐம்பது வருடம் போயிருந்தது.

பொது அறிவுத் தாளுக்கு உலகச் செய்தி வேண்டும்தான். தினமும் ஒரு தமிழ்ப் பத்திரிகையை முழுதாக வாசித்தால் அது பெரும்பாலும் தானாக வரும். அதோடு நாட்டின் சட்ட அமைப்பை ஒரு தடவை ஒழுங்காக விளங்கிக்கொள்ளுங்கள். நீதவான் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், மேல் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்ற படி. தோட்டத்தில் வேலை நிறுத்தப்பட்டவர் போகும் தொழில் நியாய சபை. 1978 அரசியலமைப்பு, அதன் 13ஆம் திருத்தம் 1987, 21ஆம் திருத்தம் 2022. ஒல்லாந்தர் 1796இல் போன பிறகும் அவர்கள் கொண்டுவந்த உரோமன் டச்சுச் சட்டம் இங்கேயே தங்கிவிட்ட விசித்திரம்.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. தமிழர் என்றால் தேசவழமை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். தேசவழமை யாழ்ப்பாணத்தாருக்கான சட்டம். சபரகமுவையில் இருக்கும் கண்டியச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம் உண்டு. முஸ்லிம்களின் திருமணத்துக்கு முஸ்லிம் சட்டம். தோட்டத்துத் தமிழருக்குத் தனிச்சட்டம் எதுவும் இல்லை, நாட்டின் பொதுச் சட்டமே நமக்கும்.

எந்த மொழியில் எழுதுவது? தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் உண்டு. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதி 2020 கடைசியில் வர்த்தமானியில் வந்தது. எதிர்ப்புக் கிளம்பி, 2023 மார்ச்சில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பில் தோற்றது. தமிழில் எழுதுவதற்கு வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் உள்ளே போன பிறகு தீர்ப்பு அறிக்கைகளில் பெரும்பகுதி ஆங்கிலம். திரும்பி ஊருக்கு வந்து பலாங்கொடை நீதிமன்றத்தில் எழுந்து நின்றால் கோவை சிங்களத்தில் இருக்கும். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவு மொழி சிங்களம் என்கிறது. தமிழில் மனுக் கொடுக்கவும் மொழிபெயர்ப்புக் கேட்கவும் அதே உறுப்புரை உரிமை தருகிறது. அந்த உரிமையைக் கேட்டு வாங்கத் தெரிந்த, சிங்களமும் எழுதத் தெரிந்த ஒரு தமிழ்ச் சட்டத்தரணி கூண்டில் நிற்கும் கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. டவுனில் சிங்களம் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் பாதி வேலை முடிந்தது. எழுத மட்டும் பழக வேண்டும்.

கடைசியாகக் கடதாசிகள். பரீட்சைக்கு மூன்று மாதம் படிக்கிறவர்கள் பிறப்புச் சான்றிதழை விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல் நாள்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். அதில் 'செல்வி' 'செல்லி'யாக இருக்கும். அடையாள அட்டையில் வேறு எழுத்து, ஓ/எல் சான்றிதழில் தகப்பன் பெயரே இல்லை. தமிழ்ப் பெயரை யாரோ சிங்களத்தில் எழுதி, அதை வேறு யாரோ ஆங்கிலத்தில் எழுதியதன் விளைவு. சின்ன வித்தியாசமென்றால் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக்கொள்ளலாம். பெரிய பிழையென்றால் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய்த் திருத்த வேண்டும், அது மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் இந்த வேலையை உயர்தரம் தொடங்கும்போதே செய்துவிடுங்கள். நாலைந்து பிரதிகளும் எடுத்து வையுங்கள். பரீட்சை அறிவித்தல் பத்திரிகையில் வரும். வந்த அன்றே வெட்டி எடுத்து, தகைமை, கட்டணம், முடிவுத் திகதி மூன்றுக்கும் கீழே கோடு போட்டு வையுங்கள். யாரோ சொன்னதை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம், நான் சொன்னதையும் சேர்த்துத்தான். விதி மாறும்.

பரீட்சை நிலையம் கொழும்பு என்றால் அன்று காலை பலாங்கொடையில் 99ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம், அவிசாவளைக்குப் பிறகு எப்போது நெரிசல் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. முதல் நாளே போய், வத்தளையிலோ கொட்டாஞ்சேனையிலோ வேலை செய்யும் அண்ணன் மாமன் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் ஒரே உறையில் போட்டு, அந்த உறையை பேக்கில் அல்ல, கையில் வைத்துக்கொள்ளுங்கள்.