பிறருக்காகக் கனியும் கொடி

இறுதி இராவுணவின் வேளையில் ஆண்டவர் இயேசு தம்மைத் திராட்சைக் கொடியாகவும், தந்தையைத் தோட்டக்காரராகவும், சீடர்களைக் கிளைகளாகவும் உருவகித்துப் பேசினார் (யோவான் 15). கொடி தன் கனியைத் தான் உண்பதில்லை, பிறருக்கே அளிக்கின்றது. இவ்வுண்மைக்கு ஒரு நகரமே சான்றாக நிற்கின்றது.

பிரான்ஸ் நாட்டின் பேர்கண்டிப் பகுதியில், டிஜோன் நகரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளது போன் என்னும் சிறுநகர். வழிநெடுகிலும் மலைச்சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். சித்தோ மடத்துத் துறவிகள் இடைக்காலத்தில் பண்படுத்திய நிலங்களும் அவற்றுள் உண்டு. ஒருநாட் பயணமாக வருவோர் நிலவறைகளில் இறங்கி, மரப்பீப்பாய்களில் முதிரும் இரசத்தைச் சுவைக்கின்றனர். தேர்ந்த சுவைஞரோ நிறம் நோக்கி, மணம் நுகர்ந்து, ஒரு மிடறை நாவில் உருட்டியபின், விழுங்காது உமிழ்ந்துவிடுவர். மதி மயங்கினால் அடுத்ததன் தரத்தை எவ்வாறு அறிவது?

அந்நகரின் நடுவே வண்ண ஓடுகள் வேய்ந்த பழைய மருத்துவமனை ஒன்று உள்ளது. போரினாலும் வறுமையினாலும் மக்கள் நலிந்திருந்த 1443 ஆம் ஆண்டில், பேர்கண்டிக் கோமகனின் உயர் அமைச்சரான நிக்கோலா ரோலனும் அவர் துணைவியார் கிகோனும் ஏழை நோயாளருக்கென அதனை நிறுவினர். நோயாளர் கூடத்தின் ஒரு முனையிலேயே சிற்றாலயம் அமைந்தது; படுக்கையில் இருந்தவாறே அவர்கள் திருப்பலியில் பங்குகொண்டனர். 1971 இல் மருத்துவப்பணி புதிய கட்டடத்திற்கு மாறியது. பழையது இன்று அருங்காட்சியகம்.

பின்வந்த தலைமுறையினர் தம் திராட்சைத் தோட்டங்களை இம்மருத்துவமனைக்கு எழுதிவைத்தனர். இன்று அவை ஏறத்தாழ 60 ஹெக்டெயர். அவற்றின் இரசம் 1859 தொடக்கம் பகிரங்க ஏலத்தில் விற்கப்படுகின்றது. நவம்பர் மூன்றாம் ஞாயிறு அதற்குரிய நாள். வருவாய் நோயாளர் பணிக்கே செல்கின்றது.

அன்பர்களே, அங்கு நோயாளரைத் தேற்றும் அதே மது, நம்மிடையே எத்தனை குடும்பங்களைச் சிதைக்கின்றது! பிள்ளையின் பாடப்புத்தகத்துக்குரிய பணம் மதுக்கடையில் கரைகின்றது. தந்தையின் காலடியோசை கேட்டு வீடு நடுங்குகின்றது. தன் இன்பத்துக்காக மட்டும் பருகப்படும்போது கொடையும் சாபமாகின்றது.

கலப்பற்ற திராட்சை இரசமே திருப்பலிக்கு உரியதெனத் திருச்சபைச் சட்டம் பணிக்கின்றது. அவ்விரசமே நமக்காகச் சிந்தப்படும் ஆண்டவரின் இரத்தமாகின்றது. வரும் ஞாயிறு கிண்ணம் உயர்த்தப்படும் வேளையில், நம் உழைப்பின் கனி யாரைச் சென்றடைகின்றது எனச் சிந்திப்போம். குடியின் பிடியில் தவிக்கும் சகோதரனை இகழாது, அவன் கரம்பற்றி நடக்க வரம் கேட்போம்.