ஒரே ஒரு பந்தயத்துக்குத் தலைவர்

கோயமுத்தூருக்குச் சமுத்திரம் கிடையாது. ஆயினும் நமது ரெட்பீல்ட்ஸில் கடற்படையின் ‘அக்ரணி’ நிலையம் இருக்கிறது. அதைத் தினந்தோறும் கடந்து வரும் மாணவன் ஒருவன், “கப்பற்படைக்காரர்கள் கிரிக்கெட் ஆடுவார்களா, ஸார்?” என்று கேட்டான்.

பேஷாக ஆடுவார்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் பொதுவாக ‘ஸர்வீஸஸ்’ என்ற கோஷ்டி ரஞ்சிப் பந்தயங்களில் ஆடி வருகிறது. 1956-57, 1957-58 ஆகிய இரண்டு வருஷங்களிலும் அது இறுதிப் பந்தயம் வரை வந்தது. அக்கோஷ்டியின் தூணாக விளங்கியவர் தரைப்படையைச் சேர்ந்த லெப்டினண்ட் கர்னல் ஹேமு அதிகாரி. பெயரும் அதிகாரி, உத்தியோகமும் அதுவே!

1919-ல் புனாவில் பிறந்த அவர், பிறர் கைவிட்ட நிலைமையில் நின்று ஆடுவதில் சமர்த்தர். 1952-ல் டில்லியில் பாகிஸ்தான் தனது முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடியபோது, கடைசி ஆட்டக்காரரான குலாம் அகமதுவைத் துணைக்கொண்டு 109 ரன்கள் சேர்த்தார். தாம் 81 எடுத்து ஆட்டமிழக்காதிருந்தார். கடைசி விக்கெட்டுக்கு இந்தியர் சேர்த்த அந்தத் தொகையை 2004 வரை யாரும் மிஞ்சவில்லை.

1958-59-ல் மேற்கிந்தியக் கோஷ்டி இங்கே வந்தது. ஹாலும் கில்கிரிஸ்டும் வீசிய பந்துகளைக் காட்டிலும் நம்மவர்களின் உள்சச்சரவே அதிக ஆபத்தாயிருந்தது என்பேன். சென்னைப் பந்தயத்துக்கு முந்தின தினம் உம்ரிகர் தலைமையை உதறினார். ஐந்து பந்தயங்களுக்கு நான்கு காப்டன்கள்! மூன்று பந்தயங்கள் தோற்றபின், டில்லியில் ஆட ராணுவத்திலிருந்து அதிகாரியை அழைத்தார்கள். வயது முப்பத்தொன்பது. அவர் 63 ரன்னும் 40 ரன்னும் எடுத்து, மூன்று விக்கெட்டும் வீழ்த்தினார். பந்தயம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அதுவே அவருடைய கடைசி டெஸ்ட்.

1971-ல் இங்கிலாந்து சென்ற கோஷ்டிக்கு அவர் நிர்வாகி. பந்து பிடிக்கும் பயிற்சியில் அவரது கண்டிப்பு பிரசித்தம். அதன் பலன் ஓவல் மைதானத்தில் தெரிந்தது. நம் சென்னை வெங்கட்ராகவன் வீசிய பந்தில் நாட் தட்டியதைச் சோல்கர் முன்னே பாய்ந்து, தரையோடு தரையாகப் பிடித்தார். சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுக்க, இங்கிலாந்து 101-ல் சுருண்டது. ஆகஸ்ட் 24-ந் தேதி, அந்நாட்டில் இந்தியா முதல் டெஸ்ட் வெற்றி பெற்றது.

1974-ல் லார்ட்ஸில் 42 ரன்னில் சுருண்டபோதும் அவரே நிர்வாகி. அப்பழியை அவர் தலையில் சுமத்துவோர் உண்டு. மட்டை பிடித்தவர் அவரல்லவே!