ரியோ கிராண்டேயின் அக்கரையிலிருந்து வந்த குரல்கள்

ஏஎம் எனப்படும் மத்திய அலை வானொலி பகலில் பக்கத்து ஊர்களோடு நின்றுவிடும். இரவில் நாடு விட்டு நாடு போகும். சூரிய ஒளியால் அயனி மண்டலத்தில் உருவாகும் ‘டி’ அடுக்கு, பகல் முழுவதும் மேலெழும் அலைகளை உறிஞ்சிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அது கலைகிறது. அலைகள் அதைவிட உயரத்திலுள்ள அயனி மண்டல அடுக்குகளில் பட்டுத் திரும்பி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் வந்திறங்குகின்றன. அந்த அடுக்குகள் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பதால்தான் தொலைதூர நிலையத்தின் ஒலி கணீரென்று எழுந்து, பாட்டின் நடுவே தேய்ந்து, மறுபடியும் தெளிகிறது.

இந்த இயல்பைக் கணக்கில் கொண்டே அமெரிக்க அரசு சில நிலையங்களுக்கு 50 கிலோவாட் திறனும், இரவில் மற்றவை குறுக்கிடாத அலைவரிசையும் ஒதுக்கியது. சான் அன்டோனியோவின் டபிள்யூஓஏஐ (1200), சான் பிரான்சிஸ்கோவின் கேஎன்பிஆர் (680), நியூ ஜெர்சியின் லோடை நகரிலிருந்து ஒலிபரப்பாகும் நியூயார்க்கின் டபிள்யூஏபிசி (770) ஆகியவை அவ்வகை. 1960, 70களில் டபிள்யூஏபிசியின் பாப் பாடல்களைப் பல மாநிலத்து இளைஞர்கள் இரவில் கேட்டு வளர்ந்தார்கள்.

ஆனால் எல்லை தாண்டிய வானொலியின் பெருங்கதை டெக்சாஸில் நடந்தது. அமெரிக்காவும் கனடாவும் அலைவரிசைகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு மெக்சிகோவை விட்டுவிட்டன. அதனால் அந்தப் பங்கீட்டை மதிக்க மெக்சிகோவுக்குக் காரணம் இருக்கவில்லை. ஆட்டுக்கிடாயின் சுரப்பியைப் பொருத்தினால் ஆண்மை திரும்பும் என்று வானொலியில் விளம்பரம் செய்த ஜான் ஆர். பிரிங்க்லியின் கான்சாஸ் நிலையத்துக்கு 1930இல் உரிமம் மறுக்கப்பட்டது. அவர் டெக்சாஸின் டெல் ரியோவுக்கு எதிரே, ரியோ கிராண்டே ஆற்றின் மெக்சிகோ கரையிலுள்ள வில்லா அக்குன்யாவில், 1931இல் எக்ஸ்இஆர் நிலையத்தைத் தொடங்கினார். பின்னாளில் எக்ஸ்இஆர்ஏ என்ற பெயரில் அது 500 கிலோவாட் திறனை எட்டியது.

அமெரிக்க ஒலிபரப்புக் கூடத்திலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே நிகழ்ச்சியை அக்கரைக்கு அனுப்புவதை 1934ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டம் கட்டுப்படுத்தியது. உடனே நிகழ்ச்சிகள் இசைத்தட்டுகளில் பதிவாகி ஆற்றைக் கடந்தன. தபாலில் வரும் கோழிக்குஞ்சு விளம்பரங்களுக்கும் மதப் பிரசங்கங்களுக்கும் நடுவே, 1938 முதல் வர்ஜீனியாவின் கார்ட்டர் குடும்ப இசைக்குழுவினர் எக்ஸ்இஆர்ஏவில் பாடினார்கள். அக்குழுவின் மேபெல் கார்ட்டரின் மகள் ஜூனும் சிறுமியாக அங்கே பாடினாள். அந்த ஒலிபரப்பை ஆர்கன்சாவின் பருத்திக் காட்டு வீட்டிலிருந்து கேட்ட சிறுவன் ஜானி கேஷ், பின்னாளில் புகழ்பெற்ற பாடகராகி, 1968இல் அந்த ஜூனையே மணந்தார்.

வட அமெரிக்க அலைவரிசை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1941இல் எக்ஸ்இஆர்ஏ மூடப்பட்டது. அதே ஊரில் பின்னர் எழுந்த எக்ஸ்இஆர்எஃப் 1960களில் 250 கிலோவாட் திறனில் ‘உல்ஃப்மேன் ஜாக்’ என்ற அறிவிப்பாளரின் கரகரத்த குரலை நாடெங்கும் கொண்டுசென்றது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் பெட்டலூமாவில் பெரும்பகுதி படமாக்கப்பட்ட ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ (1973) திரைப்படம் அந்தக் குரலை வெள்ளித்திரையிலும் நிலைநிறுத்தியது.

தமிழர்களுக்கு இது அயலார் கதை அல்ல. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைக் குறைத்தபோது இந்திய நேயர்கள் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பினார்கள். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர்களின் குரல்களாயின. இரு இடங்களிலும் உள்ளூர் வானொலி தர மறுத்ததை அடுத்த நாட்டு வானொலி தந்தது. அந்த நிலையங்கள்மீது நேயர்களுக்கு இன்றும் மாறாத பாசத்துக்கு வேர் இதுதான்.

இன்று எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சல் மத்திய அலையை மூழ்கடிக்கிறது. சில மின்சாரக் கார்கள் ஏஎம் வசதியையே கைவிட்டுவிட்டன. அதை நீக்க முனைந்த ஃபோர்டு நிறுவனம், எதிர்ப்பு எழவே 2023இல் முடிவை மாற்றிக்கொண்டது. புயலில் மின்சாரமும் இணையமும் அறுந்தாலும், பேட்டரியில் ஓடும் சிறு பெட்டிக்கு நெடுந்தொலைவிலிருந்து செய்தி கொண்டுவரும் திறன் ஏஎம் வானொலிக்கு உண்டு. பழைய நினைவுக்காக மட்டுமல்ல, இந்தப் பயனுக்காகவும் அது காக்கப்பட வேண்டும்.