துடுப்பு வலிப்பதிலும் கணக்கு உண்டு

புதுவையில் கருவடிக்குப்பத்திலிருந்து கிழக்கே சிறிது தூரம் சென்றால் கடல். அக்கரையில் முன்பு கட்டுமரம் செலுத்திய முதியவர்களைக் கண்டால் பேசிப் பாருங்கள். கைவலிமையை மட்டும் நம்பித் துடுப்பு வலிப்பவர் விரைவில் ஓய்ந்துவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். விடியற்காலையில் நிலக்காற்று கடலை நோக்கி வீசும். அதனோடு வெளியே போவது எளிது. கை ஓய்ந்தபின் அதையே எதிர்த்துக் கரை திரும்புவது எளிதன்று. ஆகவே வீணாகும் ஒவ்வொரு வலிப்பும் ஆபத்துதான்.

ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்கள் வேட்டைக்குச் செய்த தோல் படகு கயாக். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் இது போட்டியாகச் சேர்க்கப்பட்டது. இதன் துடுப்புக்கு இரு முனையிலும் அகன்ற அலகு உண்டு. கட்டுமரமானாலும் கயாக்கானாலும் விதி ஒன்றே: நீரைப் பின்னால் தள்ளினால் படகு முன்னால் செல்லும். இது நியூட்டனின் மூன்றாம் விதி.

எப்படித் தள்ளுவது? ஒரு கணக்குப் போடுவோம். 5 கிலோ நீரை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தள்ளினால் உந்தம் 10 அலகு. 10 கிலோ நீரை விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் உந்தம் அதே 10தான். படகுக்குக் கிடைக்கும் உந்துதல் இரண்டிலும் சமம். ஆனால் நீருக்குக் கொடுத்த ஆற்றல்? முதலாவதில் 10 ஜூல். இரண்டாவதில் 5 ஜூல்தான்! அதிக நீரை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம். எனவே துடுப்பின் அலகு முழுவதும் நீரில் மூழ்கிய பிறகே வலிக்கவேண்டும். பாதி மூழ்கிய அலகு நீரைச் சிதறடிக்கும், படகை நகர்த்தாது.

கயாக்கில் அமர்ந்து கால்விரல்களுக்கு நேராக அலகை நீரில் இறக்குங்கள். துடுப்பைக் கூடியவரை செங்குத்தாகப் பிடித்து, படகை ஒட்டியே வலியுங்கள். படகைவிட்டு விலகி வலித்தால் முன்முனை மறுபக்கம் திரும்பும். அதைச் சரிசெய்யவே பாதி உழைப்பு போய்விடும். அலகு இடுப்பருகே வந்ததும் வெளியே எடுத்துவிடவேண்டும். அதற்கப்பால் இழுத்தால் அலகு நீரை மேலே தூக்கும். படகோ கீழே அழுந்தும்.

வலிமை எங்கிருந்து வருகிறது? கையின் தசைகள் சிறியவை. முதுகு, வயிறு, தொடை ஆகியவற்றின் தசைகள் பெரியவை. ஆகவே கையை மடக்கி இழுக்காமல், உடலைத் திருப்பி வலிக்கவேண்டும். வலப்புறம் வலிக்கும்போது வலக்கால் மிதிபலகையை உந்தவேண்டும். இடப்புறத்துக்கு இடக்கால். இவ்வாறு செய்தால் தோள்மூட்டுக்கும் சுமை குறையும்.

ஒரு சிறு சோதனை. அகன்ற தொட்டியில் நீர் நிரப்பி, விரல்நுனிகளை மட்டும் நனைத்து வேகமாகத் தள்ளுங்கள். பிறகு உள்ளங்கை முழுவதையும் மூழ்கவைத்து மெதுவாகத் தள்ளுங்கள். எப்போது நீர் கையை எதிர்த்துத் தாங்குகிறது? அந்தத் தாங்குதலே படகை முன்செலுத்துகிறது.

பின்னொரு நாள் சுண்ணாம்பாற்றில் படகேறினால், உயிர்காப்பு உடையை அணிந்துகொண்டு, பயிற்சியாளர் முன்னிலையில் இதைச் செய்து பாருங்கள்.